கனீமாவின் பக்கத்து இருக்கை

கனீமா தன் காருக்குச் செய்யும் பணிவிடையில் பாதியைக் கணவருக்குச் செய்திருந்தால் அவர் இன்னும் பத்து வயது இளமையாக இருந்திருப்பார் என்று ருமைதியா வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரே அந்தக் கணவர் ஹுமூத்தான். வீட்டின் முன்கட்டில் இருக்கும் தன் திவானியாவில், சாயங்காலமானால் வந்து கூடும் நண்பர்களோடு திண்டில் சாய்ந்து உட்கார்ந்து, கறுப்புத் தேநீரை உறிஞ்சியபடி தவறாமல் இதைச் சொல்வார். அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் கார் கொட்டகை. அங்கே ஸ்பேனரும் கையுமாக இருக்கும் மனைவிக்குக் கேட்க வேண்டும் என்றே குரலை உயர்த்திச் சொல்வார். கேட்டாயிற்று என்பதற்கு அடையாளமாக அவளும் சுத்தியலால் சுவரில் ஒரு தட்டுத் தட்டுவாள். கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகு புருஷன் பெண்டாட்டிக்குள் இதுவும் ஒரு கொஞ்சல்தான்.

கார், எழுபத்தெட்டாம் வருடத்து கேப்ரிஸ். வெளிர் மண் நிறம். முன்பக்கம் தெருமுனை திரும்பிய பிறகும் பின்பக்கம் வீட்டு வாசலிலேயே நிற்கும் அளவுக்கு நீளம். கல்யாணத்துக்கு முன்பே கனீமா தன் சம்பளத்தில் வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் பிசியோதெரபிஸ்ட். முடங்கிப் போனவர்களை, கட்டுப் பிரித்த கால்களை, எழுந்து நடக்க வைப்பது வேலை. அழுகிறவர்களை அழ விட்டுவிட்டு அதே நேரத்தில் முட்டியை மடக்கிவிடுவாள் என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள். இரக்கமில்லாதவள் என்று திட்டியவர்களே பிறகு நடந்து வந்து பேரீச்சம்பழப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள்.

ஸ்பேனர் அவள் கைக்கு வந்த கதை வேறு. தொண்ணூறாம் வருடம் ஆகஸ்டில் ஈராக் படை ஊருக்குள் வந்தபோது ஹுமூத் தன் தாயாரின் வைத்தியத்துக்காக பம்பாய் போயிருந்தார். திரும்ப வழியில்லை. கனீமா கைக்குழந்தை பர்ராக்கோடு தனியாக இருந்தாள். ஓடும் நிலையில் ஒரு கார் தெருவில் நின்றால் மறுநாள் அது இருக்காது. எல்லோரும் சக்கரங்களைக் கழற்றி ஒளித்தார்கள். சிப்பாய்கள் வேறு சக்கரங்களைக் கொண்டுவந்து மாட்டி ஓட்டிக்கொண்டு போனார்கள். "சக்கரம் மாட்ட இடமே இல்லேன்னா?" என்று யோசித்தாள் கனீமா. பக்கத்து வீட்டுக்காரர் விட்டுப்போன கருவிப் பெட்டியைத் திறந்து, சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கைகளையே கார்ச் சட்டத்திலிருந்து பிரித்தெடுத்தாள். ஒரு ஸ்பிரிங் கட்டவிழ்ந்து தெறித்துப் போய்க் கொட்டகைச் சுவரில் குழி பறித்தது. ஒரு சாண் தள்ளி நின்றிருந்தால் பர்ராக் தாயில்லாப் பிள்ளை. இரும்புக் கைகள் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் போயின. ஸ்பிரிங்குகள் துணி சுற்றித் தொட்டிலுக்கு அடியில் போயின. வயிற்றால் தரையில் கிடந்த காரை ஒரு அதிகாரி வந்து பார்த்தான், பூட்ஸ் காலால் ஒரு உதை விட்டான், போய்விட்டான்.

படை போன பிறகு ஊரில் பட்டறை ஏது, மெக்கானிக் ஏது. தானே பூட்டினாள். ஒன்றைப் போட்டால் இன்னொன்று சேராது. அதைக் கழற்றி இதைப் போட்டு, இதைக் கழற்றி அதைப் போட்டு, கை நகமெல்லாம் கறுத்துப் போனது. பிரிக்கக் கற்றது பயத்தில், பூட்டக் கற்றது வீம்பில். ஹுமூத் ஊர் திரும்பிய அன்று அவரை அழைத்து வந்தது அந்தக் கார்தான். அதற்குப் பிறகு வேறு யாரும் அதில் கை வைக்க அவள் விட்டதில்லை.

காலம் போயிற்று. இருவரும் ஓய்வு பெற்றார்கள். சர்க்கரை ஹுமூத்தின் பார்வையை அரித்துத் தின்றது. பத்தடி தள்ளி நிற்பவர் ஆணா பெண்ணா என்று குரல் வந்தால்தான் தெரியும். தானாகவே காரோட்டுவதை நிறுத்திக்கொண்டு, கனீமாவுக்குப் பக்கத்து இருக்கைக்கு மாறினார். வியாழக்கிழமைதோறும் ஜஹ்ராவில் இருக்கும் அவர் அக்கா வீட்டுக்குப் பகல் சாப்பாட்டுக்குப் போவது வழக்கம். பார்வை மங்கினால் என்ன, வாய் மங்கவில்லை. "லெஃப்ட்ல ஒருத்தன் வர்றான் பாரு", "ரொம்ப ஒட்டிப் போறே", "இங்கதானே திரும்பணும்" என்று போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை முழுப் பாதையையும் சொல்லி முடிப்பார். "அந்த வழிய நீங்களா போட்டீங்க?" என்பாள் கனீமா. அவளுக்கு எரிச்சல்தான். ஆனால் அந்த எரிச்சல் இல்லாத வியாழக்கிழமை எப்படி இருக்கும் என்று அவள் அறிந்ததில்லை.

அறிய வேண்டிய நாளும் வந்தது. ஜஹ்ராவிலிருந்து திரும்பி, நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, வீட்டுக்கு அருகே கூட்டுறவுக் கடை ரவுண்டானாவில் மெதுவாகத் திரும்பும்போது, வலது பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். முன்சக்கரம் உள்வாட்டமாக மடங்கியது. ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும் கார் அது; அதன் மூக்கு ஹுமூத் இருந்த வலது பக்கம் சரிந்து தாரில் உராய்ந்துகொண்டே போய் நின்றது. அவர் தோள் கதவில் இடித்தது, அவ்வளவுதான். ரத்தக் காயம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் முன்னால் நெடுஞ்சாலையில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இருவரும் நினைத்தார்கள், இருவரும் சொல்லவில்லை.

கனீமா குனிந்து பார்த்தாள். சக்கரத்தையும் கீழ் இரும்புக் கையையும் இணைக்கும் பால் ஜாயிண்ட், அதாவது உருண்டையும் கிண்ணமுமான மூட்டு, பிரிந்து கிடந்தது. இடுப்பு எலும்பு நழுவுவதுபோல உருண்டை கிண்ணத்தை விட்டு வெளியே வந்திருந்தது. போன வருடம் அவள் கையால் போட்டதுதான்.

"போலிச் சாமான், அபூ பர்ராக். கடைக்காரன் ஏமாத்திட்டான்," என்றாள். 'பர்ராக்கின் அப்பா' என்று மகன் பெயரை வைத்துத்தான் வழக்கமாக அவரைக் கூப்பிடுவாள்; அவளும் எல்லோருக்கும் உம்மு பர்ராக், பர்ராக்கின் அம்மா.

"ம்," என்றார் ஹுமூத். இழுவை வண்டி வந்ததும் அந்த ஓட்டுநரிடம், "என் பொண்டாட்டி பிசியோதெரபிஸ்டு. இன்னைக்கு வண்டியோட காலைக் கொஞ்சம் அதிகமா மடக்கிட்டா," என்று சிரித்தார். சிரித்த முகத்தில் சிரிப்பு இல்லை.

அவள் சொன்னது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. கடைக்காரன் கொடுத்தது போலிதான். ஆனால் போன வருடம் பெட்டியைப் பிரித்து அந்த மூட்டை விரலால் அசைத்துப் பார்த்த கணமே கனீமாவுக்குத் தெரிந்தது. புது மூட்டு விறைப்பாக இருக்க வேண்டும், இரண்டு கையாலும் நெட்டினால்தான் திரும்ப வேண்டும். இது கிழவன் தோள்பட்டை மாதிரி இளகிச் சுழன்றது. ஆயுள் முழுக்க மூட்டுகளைத் தொட்டே சோறு தின்ற விரல்கள் பொய் சொல்லுமா? ஆனால் அன்று வியாழக்கிழமை. அக்கா வீட்டில் மச்பூஸ் சோறு ஆறிக்கொண்டிருந்தது, ஹுமூத் தலையில் குத்ராத் துணியைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்றிருந்தார். 'கிரீஸ் நிறைய அடிச்சா நின்னுடும்' என்று தனக்குத்தானே சொல்லிப் போட்டு முடித்தாள். அதன் மேல்தான் அவரை ஒரு வருடம் உட்கார வைத்து ஓட்டினாள்.

அடுத்த வியாழக்கிழமை கனீமா, மகன் பர்ராக்கின் காரை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு கணவரைக் கூப்பிட்டாள். "முத்லக் வர்றேன்னு சொல்லியிருக்கான், அவனோட போயிட்டு வந்துடறேன்," என்றார், திவானியா நண்பர் ஒருவரைச் சொல்லி. அதற்கடுத்த வாரம் அவருக்கு வயிறு சரியில்லை. அதற்கும் அடுத்த வாரம் மறுபடி முத்லக். ஆக, அவர் வேண்டாமென்றது கேப்ரிஸை மட்டுமில்லை. கனீமா ஓட்டினால் எந்தக் காரிலும் ஏற மாட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், முப்பது வருடம் கூடவே வாழ்ந்தவரிடம் ஒரு மூச்சைக்கூட மறைக்க முடியாது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் சுத்தியல் தட்டும் சத்தமும் நின்றுபோயிற்று.

சொல்லத் தெரியாதவள் செய்யப் புறப்பட்டாள். காரின் முன்பக்கத்தை முழுக்கப் பிரித்து, இரண்டு பக்கமும் எல்லா மூட்டுகளையும், இரும்புக் கைகள் சட்டத்தில் சேரும் இடத்தில் இருக்கும் இரும்பு உறை போட்ட ரப்பர் புஷ்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போடுவதென்று முடிவு செய்தாள். இந்தத் தடவை ஒரு ஓட்டை ஒடிசல் இருக்கக் கூடாது. அவர் திரும்பவும் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். வேறு ஆசை எதுவும் அவளுக்கு இல்லை.

சாமான்கள் இந்தத் தடவை கடலைத் தாண்டி அமெரிக்காவிலிருந்து வந்தன. வந்து சேரும்வரை பிரிக்கிற வேலை. ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, ஸ்பிரிங்கைச் சங்கிலியால் சட்டத்தோடு கட்டினாள். கீழ்க்கையை ஜாக்கியில் தாங்கி, மூட்டைத் தட்டிப் பிரித்து, ஜாக்கியை மயிரிழை மயிரிழையாக இறக்கினாள். ஒரு ஆளைத் தூக்கி எறியும் வேகத்தை உள்ளே அடக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங், தூக்கம் கலைந்த குழந்தைபோல மெல்ல நிமிர்ந்து கைக்கு வந்தது. தலையில் கறுப்புத் துணியை இறுகக் கட்டி, மகனின் பழைய தொழிற்சாலை உடுப்பைப் போட்டுக்கொண்டு, அறுபதை எட்டிப்பிடிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி தரையில் மல்லாந்து கிடந்து இதைச் செய்கிறாள். பார்த்தவர்கள் வாய் பிளக்கத்தான் செய்தார்கள்.

வாய் பிளந்தவர்களில் இருவருக்குத் திவானியாவில் நிரந்தர இடம் உண்டு. ஒருவர் முத்லக், எண்ணெய்க் கம்பெனியில் இருந்தவர், ஆள் தேர் மாதிரி இருப்பார், மனசு வெண்ணெய். மற்றவர் சக்ர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், ஓலைக் குச்சி உடம்பு, நாக்கு மட்டும் நல்ல நீளம்.

"உம்மு பர்ராக், எதுக்கு இந்தக் கஷ்டம்? ஷுவைக்ல ஒரு பட்டறையில விட்டா ரெண்டு நாள்ல முடிச்சுக் கொடுத்துடுவான்," என்பார் முத்லக் கொட்டகை வாசலில் நின்று.

"ரெண்டு நாள்ல முடிச்சுடுவான், ரெண்டே நாள்ல மறுபடி வரவும் வைப்பான்," என்பாள் கனீமா அடியிலிருந்து.

"விடுடா முத்லக். அவங்க வண்டியைப் பிரிக்கிறாங்க. நீ பிரிச்சது கோழியைத் தவிர வேற என்ன இருக்கு?" என்பார் சக்ர்.

ஹுமூத் அங்கே வருவதில்லை. திவானியாவிலேயே இருந்து ஜெபமணியை உருட்டிக்கொண்டிருப்பார். ஆனால் காது முழுக்கச் சுவரில் இருக்கும்.

சாமான் வந்தது. ஒவ்வொரு மூட்டையும் கையில் எடுத்து நெட்டிப் பார்த்தாள். அசைய மறுத்தது. அந்த விறைப்பைக் கையில் உணர்ந்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. போன வருடம் இதைத்தான் கேட்டிருக்க வேண்டும், கடைக்காரன் முகத்தில் அதை எறிந்திருக்க வேண்டும். புஷ்களை இரும்புக் கைக்குள் செலுத்துவது சுலபமில்லை. இம்மியும் இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். குளிர்ந்த இரும்பு சுருங்கும் என்பதால் அவற்றை முந்தின நாளே ஃப்ரீசரில் வைத்தாள். ஐஸ் எடுக்கப் போய்த் தடவிப் பார்த்த ஹுமூத், ஜுபைதி மீன்களுக்கு நடுவே கை வைத்துத் திடுக்கிட்டார்.

"உம்மு பர்ராக், மீனுக்குள்ள என்ன இரும்பு?"

"புஷ்ஷு. தொடாதீங்க, கை பட்டா சூடேறிடும்."

"இன்னைக்கு ராத்திரி எதைப் பொரிக்கப் போறே, அதைச் சொல்லிடு. இருக்கிற நாலு பல்லும் போயிடும்."

ரவுண்டானாவுக்குப் பிறகு அவர் அவளிடம் செய்த முதல் வேடிக்கை அது. கனீமா மீனை எடுத்துக்கொண்டு போனாள்.

நீள போல்டு, ஒரு துண்டுக் குழாய், தடித்த வாஷர்கள். இவைதான் அவளுடைய அழுத்தும் யந்திரம். நட்டைத் திருகத் திருக, குளிர்ந்த புஷ் இரும்புக்குள் முனகிக்கொண்டே இறங்கியது. இரும்புக் கைகளைச் சட்டத்தில் மாட்டினாள். ஸ்பிரிங்கை இருத்தினாள். மூட்டுகளைப் பூட்டினாள். கடைசியாகப் புஷ்களின் நட்டுகளை எல்லாம், கார் ஸ்டாண்டில் உயர்ந்து நிற்கும்போதே, கையில் இருந்த பலம் மொத்தத்தையும் கொடுத்து இறுக்கினாள். இந்தத் தடவை எதுவும் லூசாக இருக்கக் கூடாது என்ற வெறி. தப்பு நுழைந்த இடமும் அதுதான். பயந்தவன் கை எப்போதும் ஒரு சுற்று அதிகமாகத்தான் இறுக்கும்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் காரை இறக்கித் தனியாகத் தெருவைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்தாள். வீட்டு வாசலில் ஹுமூத் நின்றிருந்தார். கையில் ஊன்றுகோல். இஸ்திரி போட்ட திஷ்தாஷா அங்கி, நல்ல குத்ரா, அத்தர் வாசனை. அவர் சும்மா நிற்கவில்லை, தன்னோடு வரத்தான் நிற்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. மெதுவாக அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். நிற்கும்போது கார் முன்னும் பின்னும் லேசாக ஆடியது. ஆடும்போது அடியிலிருந்து 'கிறீச்' என்று ஒரு சத்தம் எழுந்தது.

ஹுமூத்தின் முகம் மாறியது. ஊன்றுகோலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "முத்லக் கிளம்பிட்டானாம். வழியில இருக்கான். நான் அவனோடயே..." என்று முனகிவிட்டு உள்ளே திரும்பினார். கனீமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வந்த சக்ர் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன உம்மு பர்ராக், வண்டி மூக்கைத் தூக்கிட்டு நிக்குது? புதுப் பணக்காரன் மாதிரி."

உண்மைதான். முன்பக்கம் இரண்டு விரல் உயரமாக நின்றது. கனீமா பம்பரில் கை வைத்து அழுத்தினாள். கார் இறங்க மறுத்தது, இறங்கினாலும் உடனே வீம்பாக மேலே வந்தது, கூடவே அந்தக் கிறீச். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் பூட்டியிருந்தது. பின் எங்கே பிடிக்கிறது? ரப்பரை விரலால் தொட்டாள். ஈரத்துணியைப் பிழிந்ததுபோல ஒரு பக்கமாக முறுகி நின்றது.

அப்போது அவளுக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் புதிதாக வரும் பெண்களிடம் தானே எத்தனை தடவை கத்தியிருக்கிறாள். படுக்கையில் கிடப்பவன் முட்டியைப் பார்த்து ஒன்றும் முடிவு செய்யாதே. அவனை எழுப்பி நிறுத்து. பாரம் காலில் இறங்கட்டும். அப்புறம் பார். கார் ஸ்டாண்டில் நிற்கும்போது இரும்புக் கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அந்தத் தொங்கலில் ரப்பரை இறுக்கிப் பிடித்துவிட்டாள். இப்போது கார் தரையில் நிற்கிறது, கைகள் மேலே ஏறிவிட்டன, ரப்பர் மட்டும் தொங்கிய நிலைக்கே திரும்பப் பார்க்கிறது. கார் பாரத்தோடு நிற்கும்போது, அதில் யார் போவார்களோ அவர்களும் உட்கார்ந்திருக்கும்போது, அந்த நிலையில்தான் நட்டுகளை இறுக்கியிருக்க வேண்டும்.

இதை யாரிடமும் சொல்லாமல் விட்டிருக்கலாம். ரப்பரில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டால் கிறீச் அடங்கிவிடும். ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஓடும், பிறகு கிழியும். ஹுமூத்துக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் ஒருமுறை தெரிந்தே வாயை மூடிக்கொண்டவளுக்கு அதன் விலை என்னவென்று தெரியும். கைகளைத் துடைத்துக்கொண்டு திவானியாவின் வாசலுக்குப் போனாள். ஆண்கள் கூடியிருக்கும் இடத்துக்கு அவள் அப்படி வந்து நின்றதில்லை.

"நான் தப்பாப் பூட்டிட்டேன்," என்றாள். "எல்லா நட்டையும் தூக்கி வச்சுக்கிட்டே இறுக்கிட்டேன். திரும்ப லூஸ் பண்ணி, வண்டி பாரத்தோட நிக்கும்போது இறுக்கணும். உள்ள ஆள் உக்காரணும். உதவி வேணும்."

ஹுமூத்தின் விரலில் மணி நின்றது. ரவுண்டானாவில் அவள் வாயிலிருந்து வராத சொல் இது. கடைக்காரன், காலம், சாலை என்று எதன் மேலும் போடாமல் 'நான்' என்று ஆரம்பித்த சொல்.

முத்லக் உடனே எழுந்தார். "நான் உக்கார்றேன் உம்மு பர்ராக். எங்க உக்காரணும், சொல்லுங்க."

"நீ உக்காந்தா வண்டி பூமிக்குள்ள போயிடும்டா. அப்புறம் எண்ணெய்க் கிணறு தோண்டுற மாதிரி தோண்டித்தான் எடுக்கணும்," என்றார் சக்ர்.

"தொண்ணூறு கிலோதான்டா இருக்கேன்."

"எது, இடது கால் மட்டுமா?"

கனீமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என் இடத்துல சக்ர் உக்காரட்டும். மடியில ஒரு அரிசி மூட்டை வச்சுக்கிட்டா என் எடைக்கு வந்துடும்."

"ஒரு ஆளும் ஒரு மூட்டையும் சேர்ந்தாத்தான் நீங்களா?"

"சின்ன மூட்டைதான், கவலைப்படாதீங்க."

"அப்ப பக்கத்து சீட்டுல?" என்று கேட்டார் முத்லக். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றி, தன் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தார்.

"அங்கயும் மூட்டை வச்சுக்கலாம். ரெண்டு மூட்டை சேர்த்து வச்சா சரியா இருக்கும்," என்றாள் கனீமா. கணவரைப் பார்க்காமல்தான் சொன்னாள். அவரை எடைக்கல்லாகக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை.

கொட்டகையில் நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் கனத்த மரக்கட்டைகளை வைத்துக் காரை ஏற்றினார்கள். முன்னும் பின்னும் தடை போட்டார்கள். முத்லக் ஒவ்வொரு கட்டையையும் தன் காலால் உதைத்துப் பார்த்து, 'மாஷா அல்லாஹ், மலை மாதிரி நிக்குது' என்று சொன்ன பிறகுதான் அவளை அடியில் போக விட்டார். கனீமா மல்லாந்து நுழைந்து, இறுக்கியதை எல்லாம் ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். ஒவ்வொரு நட்டும் விடும்போது ரப்பர் ஒரு பெருமூச்சு விட்டுத் தன் இடத்துக்குத் திரும்பியது. முத்லக் பம்பரைப் பிடித்து அழுத்தி அழுத்தி விட, கார் மெல்லத் தன் உயரத்துக்கு இறங்கியது. மூக்கு தாழ்ந்தது. ஓட்டுநர் இருக்கையில் சக்ர் மூட்டையோடு ஏறி உட்கார்ந்தார். இடது பக்கத்து இரும்புக் கை லேசாக அசைந்து நின்றது. அந்தப் பக்கத்து நட்டுகளை முதலில் சக்ர் எடையில் இறுக்கி முடித்தாள். பிறகு வலது பக்கம் நகர்ந்தாள்.

"முத்லக், அந்த ரெண்டு மூட்டையைக் கொண்டு வாங்க," என்றாள்.

முத்லக்கின் செருப்புச் சத்தம் போயிற்று. திரும்பி வரவில்லை. அதற்குப் பதிலாக ஊன்றுகோலின் சத்தம் வந்தது. கனீமா படுத்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் திஷ்தாஷாவின் கரையும் இரண்டு தோல் செருப்புகளும் மட்டுமே தெரிந்தன. வலது பக்கக் கதவுக்கு அருகே வந்து நின்றன. கதவு திறக்கவில்லை.

"உம்மு பர்ராக்," என்றார் ஹுமூத்.

"ம்."

"எல்லாம் சரியா இருக்கா?"

சரியாகத்தான் இருந்தது. 'இருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொய்யும் இல்லை. கனீமா முகத்துக்கு மேலே ஒரு சாணில் தொங்கும் இரும்பைப் பார்த்தாள்.

"இந்தத் தடவை சரியா இருக்கு," என்றாள். "போன தடவை இல்ல. அந்த மூட்டு கையில வாங்கும்போதே ஆடுச்சு. எனக்குத் தெரிஞ்சுது ஹுமூத். தெரிஞ்சும் போட்டேன். உங்க அக்கா வீட்டுக்கு நேரமாச்சுன்னு போட்டேன். அது மேல ஒரு வருஷம் உங்களை உக்கார வச்சு ஓட்டினேன். கடைக்காரன் தப்பு பாதிதான். மீதி என்னுது."

செருப்புகள் நின்ற இடத்திலேயே நின்றன. இன்னும் சொல்ல எதுவும் இல்லாமல் கனீமா ஸ்பேனரை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கிடந்தாள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைக்கும் ஓசை கேட்டது. அந்த நீளக் கதவு திறந்தது. ஒரு செருப்பு தரையை விட்டுப் போயிற்று, பிறகு இன்னொன்று.

அவள் கண்ணெதிரே இரும்புக் கை அசைந்தது. ஒரு விரற்கடை மேலேறி, இங்கேதான் என் இடம் என்பதுபோல நின்றது. கதவு சாத்திக்கொண்டது.

"உக்காந்துட்டேன்," என்றார் ஹுமூத் மேலேயிருந்து. "இப்ப இறுக்கு."

கனீமாவுக்கு நட்டு சரியாகத் தெரியவில்லை. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, விரலால் தடவிக் கண்டுபிடித்து, ஸ்பேனரை மாட்டினாள். தேவையான அளவு இறுக்கினாள், அதற்கு மேல் ஒரு சுற்றுகூட இல்லை.